அப்பாவின் பெயருக்கு நேரே யாருடைய கையெழுத்து? கொரோனாக் கொடுப்பனவும் குத்தகை வயலும்

வெள்ளவத்தையில் தங்கியிருந்து ஒரு மருந்துக் கடையில் கணக்கு வேலை பார்க்கும் 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு கிராமம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவுக்குச் சொந்தமாக 1 ஏக்கர் வயல். இன்னும் 2 ஏக்கரைப் பல வருடங்களாகக் குத்தகைக்குச் செய்கிறார். அதன் சொந்தக்காரர் கனடாவில். ஊரிலிருக்கும் அவருடைய உறவினர்தான் குத்தகையை வாங்குகிறார். எழுத்தில் எதுவும் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இவர் கொழும்பில் அகப்பட்டுக்கொண்டார், இரண்டு மாதம் சம்பளமும் இல்லை. ஊரில் அப்பாவின் கத்தரித் தோட்டம் சந்தைக்குப் போக வழியில்லாமல் பழுத்து அழுகியது. அந்த ஏப்ரலில் அரசாங்கத்தின் 5,000 ரூபாய் வீட்டுக்கே வந்தது. மே மாதம் கேட்கப் போனபோது, "உங்களுக்குக் குடுத்தாச்சே" என்று விதானையார் (கிராம அலுவலர்) இடாப்பை, அதாவது பெயர்ப் பதிவேட்டை, காட்டினாராம். அப்பாவின் பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து இருந்தது. அது தன்னுடையதில்லை என்று அப்பா அன்று முதல் சொல்லிவருகிறார். 2021 ஏப்ரலிலும் ஜூனிலும் பட்டியலில் பெயரே இல்லை. "மகள் கொழும்பில வேலை" என்பது சொல்லப்பட்ட காரணம். பிறகு வந்த உரமானியப் பணமும் சொந்த 1 ஏக்கருக்கு மட்டுமே கிடைக்கிறது. குத்தகை வயலுக்கான பணம் காணிக்காரரின் உறவினருடைய கணக்குக்குப் போகிறது. அதைத் தன் பெயருக்கு மாற்றிப் பதியக் கேட்டதற்கு, கமக்காரர் அமைப்பில் ஒருவர் "செலவுக்கு" 3,000 ரூபாய் கேட்டிருக்கிறார்.

இவருடைய கேள்விகள்: கொழும்பில் வழக்குப் போட்டு அந்தப் பணத்தை வாங்க முடியுமா? (75,000 ரூபாய் தந்தால் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.) பெயர் வெட்டுப்பட்டது தன்னால்தானா? விதானையாரின் படத்தோடு முகநூலில் போடப்போகிறேன் என்று நிற்கும் தம்பியை விடலாமா? அப்பாவோ, "பழசைக் கிளறாத பிள்ளை, நாளைக்கும் அவையளிட்டத்தானே போகவேணும்" என்கிறார்.

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த 75,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அரசாங்க அதிகாரி ஒருவர் சமமாக நடத்தவில்லை என்று அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அதில் சேராது. நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. விஷயம் பின்னால்தான் தெரியவந்தது என்று வாதாடச் சிலருக்கு இடமிருக்கும். உங்கள் அப்பாவோ 2020 மே மாதமே இடாப்பை நேரில் பார்த்துவிட்டார். எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் அல்லது கடமையைச் செய்யவைக்கும் நீதிமன்றக் கட்டளை) கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதென்றால் அதற்குக் குறித்த காலம் இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்பதே அங்கே முதல் கேள்வியாக இருக்கும். இதையெல்லாம் அறிந்த ஒரு சட்டத்தரணி 75,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உங்களுக்கு நம்பிக்கை தரமாட்டார். புதுக்கடையில் நீதிமன்றத்தைச் சுற்றி நின்று பேசுகிற எல்லோரும் சட்டத்தரணிகளும் அல்ல.

அடுத்து, அந்தப் பணம் சட்டத்தின் பார்வையில் என்ன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதம் அதை அரசாங்கம் அப்பாவுக்குத் தரவேண்டிய கடனாகவே பார்க்கிறது. 2020 மார்ச் 2 ஆம் திகதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, தேர்தல் ஆகஸ்ட் 5 ஆம் திகதிதான் நடந்தது. இடையில் கொடுக்கப்பட்ட 5,000 ரூபாய்க்கென்று தனிச் சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. சுற்றறிக்கைகள் வழியாக, பிரதேச செயலகங்கள் ஊடாகத்தான் அது பங்கிடப்பட்டது. சமுர்த்தி பெறுவோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், விவசாயக் காப்புறுதியில் பதிந்தவர்கள், வருமானம் இழந்தவர்கள் என்று வகை பிரித்திருந்தார்கள். ஆகவே "என் 5,000 ரூபாயைத் தா" என்று கடன் வழக்குப் போடுவதற்கு இது பொருந்தாது. அதற்காக, கொடுப்பதும் விடுவதும் அதிகாரியின் இஷ்டம் என்றும் ஆகிவிடாது. சுற்றறிக்கை சொன்ன தகுதி இருந்தும் ஒருவரை மட்டும் விட்டுவிடுவது பாரபட்சம். அந்த வாதத்தை உரிய நேரத்தில் வைத்திருந்தால் அது வலுவானதே.

சரி, அப்படியென்றால் ஒன்றுமே செய்ய முடியாதா? செய்யலாம். ஆனால் பழைய 5,000 ரூபாயைத் துரத்துவதைவிட, உங்கள் குடும்பத்தின் உழைப்பு எந்தெந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள் என்றே சொல்வேன். கொரோனாக் காலத்தில் உங்களைத் தவறவிட்டது பதிவேடுதான். இன்று உரமானியத்தை வேறொருவர் கணக்குக்கு அனுப்புவதும் பதிவேடுதான்.

கையெழுத்தைப் பற்றி

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காலம் இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒருவர் அப்பாவின் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டுப் பணத்தை எடுத்திருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அது பழைய கதை என்று சொல்லிப் பொலிஸ் உங்களைத் திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் காரணம் இல்லை.

ஆனால் பொலிசுக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஊரடங்கு நேரத்தில் உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் கொடுத்தார்கள். அப்பா வயலில் நின்ற நேரம் அம்மாவோ தம்பியோ வாங்கிக் கையெழுத்து வைத்திருக்கலாம். அல்லது ஏப்ரல் மாதப் பணத்தை வீட்டில் வேறொருவர் வாங்கியிருக்க, அப்பா இரண்டு மாதங்களையும் ஒன்றாக நினைவில் வைத்திருக்கலாம். அம்மாவிடம் கோபமில்லாமல் கேளுங்கள். ஒரு மனிதரைக் கள்ளன் என்று சொல்லுமுன் நம் வீட்டுக்குள் சந்தேகம் தீர வேண்டும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அந்த மாதங்களில் நோய்ப் பயத்தோடு ஒவ்வொரு படலையாகத் திறந்து உள்ளே போனவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார்.

வீட்டில் யாரும் அந்தக் கையெழுத்தை வைக்கவில்லை என்று உறுதியானால், இடாப்பின் பிரதியை எடுங்கள். அதற்குத்தான் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "அந்தப் பழைய புத்தகங்களை எரிச்சிருப்பினம்" என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எரிக்க அனுமதி இல்லை. அந்தச் சட்டம் வந்த பிறகு உருவான பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2020 மே மாத இடாப்பு 2032 வரை இருந்தே ஆக வேண்டும். இல்லையென்று பதில் வந்தால், அதையே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை அப்பாவின் பெயரிலேயே, பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "என் பணம் எங்கே" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது, ஆவணத்தைக் கேளுங்கள். 2020 ஏப்ரல், மே மாதக் கொடுப்பனவு இடாப்புகளில் அப்பாவின் பெயர் வரும் பக்கங்கள். 2021 ஏப்ரல், ஜூன் பட்டியல்களைத் தயாரிக்கப் பின்பற்றிய சுற்றறிக்கை. பெயரை நீக்கும் முடிவை எடுத்தது யார், எந்தத் திகதியில், என்ன காரணம் எழுதி என்ற குறிப்பு. உங்கள் கிராம அலுவலர் பிரிவில் எத்தனை குடும்பங்களுக்கு அனுமதி கிடைத்தது, எத்தனைக்குக் கொடுக்கப்பட்டது, மீதி எவ்வளவு திரும்பியது. இந்த நான்கும் போதும். அயலவர்களின் பெயர்களைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று அதை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஒன்றை மறுக்கும்போது மற்றவற்றையும் சேர்த்து மறுத்துவிடுவார்கள்.

கையில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், தபால் என்றால் பதிவுத் தபால். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே இல்லையென்றால், அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அந்தக் கட்டத்தில் நீங்கள் கொழும்பில் இருப்பது அப்பாவுக்குப் பெரிய உதவி.

பிரதி கைக்கு வந்ததும் அப்பாவின் வங்கிப் புத்தகம், பழைய பற்றுச்சீட்டுகளில் இருக்கும் கையெழுத்துகளோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தால் முதலில் பிரதேச செயலாளருக்கு எழுத்து முறைப்பாடு, பிரதி மாவட்டச் செயலாளருக்கு. அதில் "இன்னார் எடுத்தார்" என்று எழுத வேண்டாம். "இந்தக் கையெழுத்து என்னுடையதல்ல, விசாரிக்கவும்" என்று மட்டும் எழுதுங்கள். யார் எடுத்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது அவர்கள்.

உங்கள் வேலையால் பெயர் வெட்டுப்பட்டதா?

இந்தப் பாரத்தை ஐந்து வருடமாகச் சுமந்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. குடும்பத்தின் வருமானத்தைப் பார்ப்பது பிழையல்ல. பார்க்கவே வேண்டும், இல்லாவிட்டால் தேவையுள்ளவருக்குக் கிடைக்காது. ஆனால் மகள் கொழும்பில் இருக்கிறாள் என்பது மட்டும் வருமானம் ஆகாது. 2021 மே 21 இல் மறுபடி முடக்கம் வந்தபோது நீங்கள் எவ்வளவு சம்பளம் எடுத்தீர்கள், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. விசாரிக்காமல் வெட்டியதுதான் இதில் பிழை. நீங்கள் வேலைக்குப் போனதில் பிழையில்லை.

இனிமேல் வருவதற்கு ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். ஊரில் குடும்ப விவரத்தில் நீங்கள் இன்னும் அந்த வீட்டில் வசிக்கும், சம்பாதிக்கும் பிள்ளையாகவே பதிந்திருப்பீர்கள். 2023 ஜூலையிலிருந்து நடக்கும் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவித் திட்டம், குடும்பத்தின் கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு, வருமானம் எல்லாவற்றையும் புள்ளி போட்டுப் பார்க்கிறது. நிரந்தரமாகக் கொழும்பில் இருக்கிறீர்கள் என்றால் அப்படியே பதிவைத் திருத்துங்கள். அதே நேரம், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பினால் அதை மறைக்க வேண்டாம். பொய் விவரம் கொடுத்து வாங்கும் உதவி, பிறகு திருப்பிக் கேட்கும் கடிதமாக வந்து நிற்கும்.

குத்தகை வயல்: உண்மையான பணம் இங்கேதான்

2024/25 காலபோகத்திலிருந்து (மாரிகால நெற்செய்கை) நெல்லுக்கான உரமானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், உச்சம் 2 ஹெக்டேயர். 2 ஏக்கர் என்பது கிட்டத்தட்ட 0.8 ஹெக்டேயர். அதாவது ஒரு போகத்துக்கே சுமார் 20,000 ரூபாய், சேற்றில் காலே வைக்காத ஒருவரின் கணக்குக்குப் போகிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் நெல் அழிவுக்கு ஹெக்டேயருக்கு 100,000 ரூபாய்வரை நட்டஈடு அறிவித்தார்கள். அதற்கும் அடிப்படை, கமநல சேவை நிலையத்தில் யார் எவ்வளவு செய்கிறார் என்ற பதிவுதான். கொரோனாக் காலத்து 5,000 ரூபாயை மூன்று தடவை தவறவிட்டதைவிட இது பெரிய இழப்பு, அதுவும் ஒவ்வொரு போகமும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டில் விஸ்தீரணம் 1 ஏக்கர் என்று மட்டும் இருக்கிறது. அப்பாவின் முதலெழுத்தும் அடையாள அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. சின்ன விஷயம் என்று விடாதீர்கள். வங்கிக் கணக்கு ஒரு பெயரிலும் பதிவேடு இன்னொரு பெயரிலும் இருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். பெயரைத் திருத்த அடையாள அட்டைப் பிரதியும் ஒரு கடிதமும் கொண்டுபோய்க் கேளுங்கள்.

"எழுத்தில் இல்லாதபடியால் எங்களுக்கு உரிமை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரணக் காணிக் குத்தகைக்கு அது பெரும்பாலும் சரி, நொத்தாரிசு முன் எழுதாத குத்தகை நிற்காது. ஆனால் நெல் வயலுக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. வாய்மொழி உடன்பாட்டில் வயல் செய்பவரையும் அது குத்தகைச் செய்கையாளராக ஏற்கிறது, நினைத்தபடி எழுப்பிவிட விடாது. கமநலப் பதிவேட்டில் இருக்கும் பதிவும், பிழையென்று நிரூபிக்கும்வரை சரியென்றே கொள்ளப்படும்.

அந்தப் பாதுகாப்பைக் கண்டுதான் காணிக்காரர்கள் பயப்படுகிறார்கள். ஒரு தடவை பதிந்தால் வயல் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்து, வருகிற போகமே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்போது சட்டம் உங்கள் பக்கம் நின்றாலும் அப்பா வயலில்லாமல் ஒரு போகத்தைக் கழிக்க வேண்டிவரும், விசாரணை அதைவிட நீளும். "பழசைக் கிளறாத" என்று அப்பா சொல்வதில் இந்தப் பயமும் இருக்கிறது. அதை மதியுங்கள்.

அதனால் முறைப்பாட்டில் தொடங்காமல் பேச்சில் தொடங்கச் சொல்கிறேன். ஊரிலுள்ள உறவினரை விட்டுவிட்டு, கனடாவில் இருக்கும் சொந்தக்காரரோடு நீங்களே தொலைபேசியில் கதையுங்கள். அந்த மானியம் எங்கே போகிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். "வயல் உங்களுடையது, அதில் கேள்வியில்லை. செய்கிறவருக்கு வருகிற உரமானியமும் அழிவு நட்டஈடும் அப்பாவின் பெயரில் வரட்டும்" என்று கேட்டு, அப்படியே ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள். பல இடங்களில் கமநல நிலையமும் இதைத்தான் கேட்கிறது. அவர் ஒத்துக்கொண்டால் காலபோகத்துக்கான பதிவு முடியுமுன் அதைக் கொடுத்து, 2 ஏக்கரையும் அப்பாவின் பெயரில் செய்கைப் பதிவு செய்யுங்கள். மானியத்தை அப்பாவின் பெயருக்கு மாற்ற முடியாது என்று சொந்தக்காரர் மறுத்தால், அந்தத் தொகையைக் குத்தகையில் கழிக்கக் கேட்கலாம். அது இரண்டாந்தரம்தான், ஏனென்றால் வெள்ளம் வந்தால் நட்டஈடு அப்போதும் அப்பாவுக்கு வராது.

பேச்சு நடக்கும்போதே ஆதாரங்களைச் சேருங்கள். குத்தகைக் காசை இனிமேல் கையில் கொடுக்காமல் வங்கியில் போடச் சொல்லுங்கள், துண்டை எறிய வேண்டாம். பயிர்ச்செய்கைக் கூட்டக் குறிப்புகள், கமக்காரர் அமைப்பின் அங்கத்துவப் பற்றுச்சீட்டு, உழவு கூலி கொடுத்த கணக்கு, நெல் விற்ற பில், பக்கத்து வயல்காரர் இருவரின் கடிதம் எல்லாம் உதவும்.

3,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். பதிவதற்கு அப்படி ஒரு கட்டணம் இருந்தால் பற்றுச்சீட்டு இருக்கும். பற்றுச்சீட்டைக் கேளுங்கள், அதோடு பலர் பின்வாங்கிவிடுவார்கள். இலஞ்சம் கேட்பவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. தொடர்ந்து நெருக்கினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தம்பியும் முகநூலும்

தம்பியின் கோபம் நியாயம். ஆனால் படத்தைப் போட்டு "எங்கட காசைத் திண்டவர்" என்று எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை அவன் தலையில் விழும். மானநஷ்ட வழக்கு ஒரு பக்கம், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இன்னொரு பக்கம். உங்களுக்குச் சாதகமாக இருக்கும் ஒரே குற்றக் கேள்வியில், குற்றம் சாட்டப்பட்டவராகத் தம்பி நிற்கக்கூடாது. இடாப்பின் பிரதி வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். வெறுமனே பொறு என்றால் பொறுக்கமாட்டான். தகவல் விண்ணப்பத்தை அவனையே எழுதவும் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகவும் விடுங்கள், கையெழுத்து மட்டும் அப்பாவுடையதாக இருக்கட்டும்.

வழக்கு என்ற நிலை வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். ஆலோசனைக்குக் காசு இல்லை, வருமானம் குறைந்தவர்களுக்கு நீதிமன்றத்திலும் ஆள் தருவார்கள். அப்பா ஊரிலேயே பார்க்கலாம், கொழும்புக்கு இழுக்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்திலிருந்து என்ன பதில் வந்தாலும், மறுப்பாக இருந்தாலும், திகதியோடு படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மேன்முறையீட்டுக்குரிய 14 நாள் மிகச் சீக்கிரம் ஓடிவிடும், கடிதம் வந்த அன்றே அனுப்புங்கள்.